ரெண்டு வருஷம் தாண்டிய டிக்ரிக்கு நோட்டீஸ் கட்டாயம்

"டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) கையில் இருந்தால் 12 வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஜப்திக்குப் போகலாம்" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 12 வருடம் சரிதான், ஆனால் பாதியைத்தான் சொன்னீர்கள். டிக்ரி தேதியிலிருந்து 2 வருடம் கழித்து நிறைவேற்று மனு (டிக்ரியை அமல்படுத்தக் கேட்கும் மனு) போட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 21 விதி 22-ன்படி எதிர்த்தரப்புக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும், ஏன் நிறைவேற்றக் கூடாது என்று அவர் வந்து சொல்வதற்கு. 1976 திருத்தத்துக்கு முன்பு இது 1 வருடமாக இருந்தது. கடனாளி, அதாவது டிக்ரிப்படி பணம் தர வேண்டியவர், இறந்துபோய் வாரிசுகள் மேல் மனு போடுவதென்றால் 2 வருடக் கணக்கே கிடையாது, டிக்ரி புதிதாக இருந்தாலும் நோட்டீஸ் உண்டு. ஏற்கெனவே ஒரு மனு போட்டு, அதில் அதே ஆள் மேல் உத்தரவாகி 2 வருடம் ஆகவில்லை என்றால் மறுபடி தேவையில்லை.

தாமதமாகும், அதற்குள் கடனாளி சொத்தை விற்றுவிடுவார் என்று நீதிபதி நினைத்தால் நோட்டீஸ் இல்லாமலும் உத்தரவு போடலாம், ஆனால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நோட்டீஸும் இல்லாமல், காரணமும் எழுதாமல் ஏலம் வரை போனால் ஏலமே அடிபடும், தேஷ் பந்து குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஏல அறிவிப்புக்கான விதி 66 நோட்டீஸ் வேறு, ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒன்று, நோட்டீஸ் வந்ததும் "நான்தான் வெளியிலேயே செட்டில் பண்ணிட்டேனே" என்று போய் நிற்பவர்கள் நிறையப் பேர். கொடுத்த பணத்தை, கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட்டு கோர்ட்டில் பதிய வைக்காவிட்டால் நிறைவேற்றும் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்காது.