எங்கள் ஊருக்குத் தலைவர் எப்போது?

ஊருக்குப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் காயில் கருகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அம்மா இரண்டு தெரு தள்ளியிருக்கும் அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்துகொண்டிருந்தார். யாரிடமாவது சொன்னியாம்மா என்று கேட்டேன். "யார்கிட்ட சொல்றது? தலைவர்தான் இல்லையே" என்றார்.

2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டது ஞாபகம் இருக்கிறது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நான்கு சீட்டு. அம்மா அதில் இளஞ்சிவப்புச் சீட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் அவ்வளவு கவனமாகப் பெட்டியில் போட்டார். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் தேர்தல் நடத்தவில்லை. தலைவருக்குப் பதிலாகத் தனி அலுவலரை நியமித்துவிட்டார்கள்.

கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ஊராட்சிகள். சராசரியாக ஒருவர் தலையில் முப்பது ஊருக்கு மேல். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எத்தனை மோட்டாரைப் பார்ப்பார்? தலைவர் என்றால் விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டலாம். நம் வாசலில் வந்து ஓட்டுக் கேட்டவர், நாளைக்கும் கேட்க வேண்டியவர். அந்தப் பயம்தான் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது.

ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தேர்தல் வந்தது. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அன்றைக்கு அ.தி.மு.க. ஆட்சி, 2025-இல் தி.மு.க. ஆட்சி. இதில் மட்டும் இருவருக்கும் பேதமே இல்லை. சட்டமன்றத் தேர்தலை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் நாம் சும்மா இருப்போமா? இதற்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

அந்த நாற்காலி லேசில் கிடைத்ததில்லை. மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997-இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பட்டியல் சாதிக்காரர் தலைவர் ஆனது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் அதே வெறுப்பால் பத்து வருஷம் தேர்தலே முறையாக நடக்கவில்லை, 2006-இல்தான் நடந்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமையை ஒரு அரசாணையில் காலியாக்கி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, மோட்டார் என்ன ஆச்சு? வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூல் பண்ணி, ஊர்ப் பையன்களே கழற்றிக்கொண்டுபோய்க் காயில் கட்டி வந்தார்கள். வருகிற கிராம சபையில் தேர்தல் தேதி கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லி அவர்களிடம் பேசியிருக்கிறேன். முதல் கையெழுத்து தன்னுடையது என்று அம்மா சொல்லிவிட்டார்.