சரவுண்ட் ஒலியை விரிப்பது பிளேயரா, ரிசீவரா?

ப்ளூ-ரே பிளேயரின் ஒலி அமைப்பில் பிட்ஸ்ட்ரீம் (சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்புவது) வைத்தால், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் முகப்பில் 'டால்பி ட்ரூஹெச்டி' என்று வரும். பிசிஎம் (பிளேயரே சுருக்கத்தை விரித்து அனுப்புவது) வைத்தால் வெறும் 'மல்டி சேனல்'. இந்த எழுத்தைப் பார்த்தே ஒலி தரம் குறைந்துவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. ட்ரூஹெச்டியும் டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோவும் இழப்பில்லாச் சுருக்கங்கள். ஜிப் கோப்பை எந்தக் கணினியில் விரித்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதானே? சாதாரண 5.1, 7.1 ஒலித்தடத்துக்கு (ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கர், கூடவே ஒரு சப்வூஃபர்) இரண்டு வழியும் சமம் என்பதே என் உறுதியான கருத்து.

பிறகு ஏன் வித்தியாசம் கேட்கிறது? பெரும்பாலும் அமைப்புகளால். பிளேயரில் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷன் (உரத்த, மெல்லிய ஒலிகளின் இடைவெளியைக் குறைப்பது) 'ஆட்டோ'வில் இருக்கும், ரிசீவரில் அணைந்திருக்கும். அல்லது பிளேயரிலும் ஸ்பீக்கர் 'ஸ்மால்' (பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் அமைப்பு), ரிசீவரிலும் 'ஸ்மால்' என்று இருந்து, பேஸ் இரண்டு முறை வடிகட்டப்படும். பிசிஎம் அனுப்புகிறவர்கள் பிளேயரில் எல்லா ஸ்பீக்கரையும் 'லார்ஜ்' ஆக்கி, கம்ப்ரெஷனை அணைத்துவிடுங்கள். 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரை (பேஸைப் பிரிக்கும் எல்லையை) ரிசீவர் ஒன்றே பார்த்துக்கொள்ளட்டும். ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துவதும் முக்கியம்; ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் 'நல்ல ஒலி' என்று சொல்லும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் வந்தால் கதை வேறு. எந்தச் சத்தம் அறையில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பு ஒலித்தடத்தோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் கூரை ஸ்பீக்கர்கள் எத்தனை, எங்கே என்பது ரிசீவருக்குத்தான் தெரியும். டிஸ்க் பிளேயர் விரித்து பிசிஎம்மாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், 7.1 மட்டும் மிஞ்சும். ஆகவே இங்கே பிட்ஸ்ட்ரீம்தான். (ஆப்பிள் டிவி 4கே விதிவிலக்கு. அது பிசிஎம்மோடு அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்புகிறது.)

பிட்ஸ்ட்ரீம் வைத்தும் அட்மாஸ் வரவில்லையா? முதலில் பாருங்கள்: செகண்டரி ஆடியோ. சில பிளேயர்களில் 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று இருக்கும். மெனுச் சத்தம், இயக்குநர் விளக்கவுரை போன்றவற்றை முக்கிய ஒலியோடு கலப்பதற்கான வசதி இது. கலக்க வேண்டுமென்றால் பிளேயர் முதலில் விரித்தாக வேண்டும். கலந்தபின் பல பிளேயர்கள் அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ மறுபடி சுருக்கி அனுப்பும். இழப்பில்லாத் தரமும் அட்மாஸும் அந்த இடத்திலேயே போய்விடும். இதை அணைத்தே வைத்திருங்கள். விளக்கவுரை கேட்கும் நாளில் மட்டும் போட்டால் போதும்.

பழைய ரிசீவரானால் நேர்மாறு. ஹெச்டிஎம்ஐ 1.3க்கு முந்தையவை ட்ரூஹெச்டி பிட்ஸ்ட்ரீமை வாங்காது. ஆனால் ஹெச்டிஎம்ஐ வழியே மல்டி சேனல் பிசிஎம்மை ஏற்கும் மாடல் என்றால், பிளேயரை விரிக்கவிடுங்கள். இதற்காக மட்டும் புது ரிசீவர் வாங்கத் தேவையில்லை.

ஆப்டிகல் கேபிளில் பிசிஎம் என்றால் இரண்டே சேனல்தான். அதில் 5.1 வேண்டுமானால் பிட்ஸ்ட்ரீம் வைக்க வேண்டும், அதுவும் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வரைதான். பிளேயரை டிவியில் செருகி, ஏஆர்சி (டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியே ரிசீவருக்குக் கொண்டுபோனாலும் ட்ரூஹெச்டி வராது. அதற்கு டிவி, ரிசீவர் இரண்டிலும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். பிளேயரை நேரே ரிசீவரில் செருகி, அங்கிருந்து டிவிக்குப் படத்தை அனுப்பினால் இந்தச் சிக்கலே இல்லை.