பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்ட வர்ணனை

2022 பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமையிலிருந்து மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். நேற்று நடந்ததையும் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கியும் ஆட அனுமதி பெற்ற 15 வயது ரஷ்யப் பெண் கமிலா வலியேவா ஷார்ட் புரோகிராம் (முதல் சுற்று ஆட்டம்) ஆட வந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசியின் வர்ணனையாளர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். நேரலையில் பார்க்காதவர்கள்கூட அதைப் பாராட்டி வந்த பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். முதலில் தாரா லிப்பின்ஸ்கியும் ஜானி வியரும் இந்தப் பெண் ஆடவே கூடாது என்றார்கள். அவள் ஆட ஆரம்பித்ததும் ஜம்ப்களின் பெயரைச் சொன்னதோடு சரி. முடிந்ததும், இதுதான் வலியேவாவின் ஷார்ட் புரோகிராம் என்கிற அளவில் ஒரு வாக்கியம். மற்ற பெண்களுக்கெல்லாம் எட்ஜ் (பிளேடின் விளிம்பு) சரியா, ஸ்பின் வேகம் போதுமா என்று விடாமல் பேசியவர்கள், இவளுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். இதைத்தான் இணையம் முழுவதும் துணிச்சல் என்று கொண்டாடுகிறார்கள்.

எனக்கு இதில் துணிச்சல் எதுவும் தெரியவில்லை. வர்ணனையாளரின் வேலை பேசுவது. பேசக் கஷ்டமாக இருக்கும் நேரத்தில்தான் அவர் நமக்கு அதிகம் தேவைப்படுகிறார்.

அன்று பேச விஷயமா இல்லை? ஊக்க மருந்துச் சோதனைக்கு அவளிடம் சாம்பிள் எடுத்தது டிசம்பர் 25. ஸ்டாக்ஹோம் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது பிப்ரவரி 8, அதாவது அவளும் ஆடிய குழுப் போட்டி முடிந்த மறுநாள். ஆறு வாரம் ஏன் ஆனது? டிரைமெட்டாசிடின் என்பது நெஞ்சுவலிக்காரர்களுக்குத் தரும் இதய மருந்து. அது 15 வயதுப் பெண்ணின் உடம்பில் எப்படி வந்தது? தாத்தாவின் மருந்து கலந்துவிட்டது என்று அவள் தரப்பு சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவளை ஆட விட்டதற்கு அவள் 16 வயதுக்குக் கீழே உள்ளவள் என்பதும், முடிவு தாமதமாக வந்ததற்கு அவள் பொறுப்பில்லை என்பதும் முக்கியக் காரணங்கள். இதை எத்தனை பார்வையாளர்களுக்குப் புரியும்படி சொன்னார்கள்? ட்ரிப்பிள் ஆக்ஸல் என்கிற மூன்றரைச் சுற்று ஜம்ப்பில் அவள் தடுமாறினாள். அதற்கு எவ்வளவு மதிப்பெண் போகும், தடுமாறியும் 82.16 வாங்கி எப்படி முதலிடத்தில் நின்றாள் என்றாவது சொல்லியிருக்கலாமே. திரை மூலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பெட்டிகள் வந்து போகின்றன. மஞ்சள் வந்தால் தொழில்நுட்பக் குழு அந்த ஜம்ப்பை மறுபடி பார்க்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் முதல்முறையாகப் பார்ப்பவருக்கு யார் சொல்வது?

இந்த விளையாட்டில் வர்ணனையாளர்கள் வாய் திறந்ததால் நடந்த மாற்றங்களும் உண்டு. டிக் பட்டன் 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகள் வர்ணனை செய்தார். பிடிக்காத ஸ்பின்னைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். எத்தனையோ பேருக்கு அவர் மேல் கோபம் இருந்தது, ஆனால் அவரால்தான் ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் ஸ்கேட்டிங் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் போட்டியில் கனடா ஜோடிக்குத் தங்கம் இல்லை என்று முடிவு வந்தபோது இதே என்பிசியில் ஸ்காட் ஹாமில்டனும் சாண்ட்ரா பெசிக்கும் கொதித்துப் போய்ப் பேசினார்கள். சில நாட்களில் கனடா ஜோடிக்கும் தங்கம் கிடைத்தது. பிறகு ஆறை உச்சமாக வைத்து மதிப்பெண் போடும் பழைய 6.0 முறையே போய்விட்டது. வர்ணனை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவர்கள் மௌன விரதம் இருந்திருந்தால் அந்தச் சூடு கிளம்பியிருக்குமா?

"அப்படியென்றால் ஊக்க மருந்தை ஆதரிக்கிறீர்களா?" இன்பாக்ஸில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். இல்லை. அவள் ஆட அனுமதித்தது தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். அவளால் குழுப் போட்டிப் பதக்கம் 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் யாருக்கும் தரப்படவில்லை. தனிநபர் போட்டியில் அவள் முதல் மூன்று இடத்தில் வந்தால் பதக்க விழாவே கிடையாது என்று ஒலிம்பிக் கமிட்டி அறிவித்திருந்தது. நேர்மையாக ஆடியவர்களுக்கு இது பெரிய அநியாயம். அதனால்தான் பேசுங்கள் என்கிறேன். அந்த அநியாயத்தைச் செய்த பெரியவர்களின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மருத்துவர் யார், பயிற்சியாளர் யார், எந்தச் சங்கம் என்று கேளுங்கள். வாயை மூடிக்கொண்டால் அவர்களில் ஒருவருக்கும் வலிக்காது.

"வியாழக்கிழமை தாரா பேசினாரே, சுற்றியிருந்த பெரியவர்கள் மேல் கோபம் வருகிறது என்றாரே" என்று இன்னொருவர். ஆமாம், சொன்னார். அவள் விழுந்து நான்காம் இடத்துக்குப் போன பிறகு சொன்னார். செவ்வாய்க்கிழமை அவள் முதலிடத்தில் நின்றபோது அந்தக் கோபம் எங்கே போயிருந்தது? 1998இல் நகானோவில் தாரா தங்கம் வாங்கியபோது அவருக்கும் வயது 15. அந்த வயதில் ஒலிம்பிக் பனிக்கட்டி மேல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த வர்ணனையாளர்களில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரும் சும்மா இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

"ஆட்டத்தின்போது பேசாமல் இருப்பதே நல்லது" என்பவர்களுக்குப் பெரிதாகப் பதில் சொல்லத் தேவையில்லை. எல்லாருக்கும் அப்படி இருந்தால் நானே கைதட்டுவேன்.

ஒரு சொந்த விஷயம். என் மகள் இங்கே பக்கத்து ரிங்க்கில் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் ஆரம்ப ஜம்ப்பிலேயே விழுந்து, அப்புறம் வரிசையாக எல்லாம் சொதப்பிவிட்டது. வெளியே வந்தபோது பயிற்சியாளர் அவளைத் திட்டவில்லை. அவளைப் பார்க்கவே இல்லை. அடுத்த பிள்ளையின் ஷூ லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தார். அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. காரில் அவள் என்னிடம் சொன்னது: "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா." நான் வேறு ரிங்க் தேடினேன்.

நம்மில் நிறையப் பேருக்கு இந்தத் தண்டனை தெரியும். அப்பா அடிக்க மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். சாப்பாடு தட்டுக்கு வரும், முகம் கொடுத்துப் பேச மாட்டார். எதற்காக என்றும் சொல்ல மாட்டார். மார்க் குறைந்தாலும் அதுதான், எதிர்த்துப் பேசினாலும் அதுதான். பார்க்கிறவர்களுக்கு அவர் பொறுமைசாலி. அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். செவ்வாய்க்கிழமை காலை சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் தொலைக்காட்சியில் கேட்டது அதைத்தான். "ஏன் பேச மாட்டேங்கறாங்க?" என்றாள். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நேற்று இறுதிச் சுற்றில் இரண்டு முறை விழுந்து, அழுதுகொண்டு வெளியே வந்த வலியேவாவிடம் அவளுடைய பயிற்சியாளர் எடெரி டுட்பெரிட்ஸே கேட்ட கேள்வி மைக்கில் விழுந்தது. ஏன் விட்டுவிட்டாய், ஏன் போராடுவதை நிறுத்தினாய் என்று கேட்டாராம். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, செய்தியில்தான் படித்தேன். அப்போதைய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக் கூட அந்தக் காட்சி தன்னைக் கலங்க வைத்தது என்றார். கேமரா என்ன செய்தது? விலகவே இல்லை. ஐந்து குவாட் (நான்கு சுற்று ஜம்ப்) ஆடியும் வெள்ளிதான் என்று இன்னொரு ரஷ்யப் பெண் ட்ருசோவா கத்தி அழுதபோதும் விலகவில்லை. தங்கம் வென்ற அன்னா ஷெர்பகோவா கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் தனியாக நின்றதையும் காட்டிவிட்டுப் போனார்கள். அழுகையைக் காட்ட அவ்வளவு நேரம் இருந்தது. 233.13 எடுத்து, ஒரு குவாட் கூட இல்லாமல், வேகத்தாலும் சுத்தமான ஜம்ப்களாலும் வெண்கலம் வாங்கிய கவோரி சகாமோட்டோவைப் பற்றிப் பேச எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? 21 வயதுப் பெண் ஒருத்தி இந்த விளையாட்டை எப்படி ஆடலாம் என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என் மகளுக்கு நான் போட்டுக் காட்டப்போவது அந்த ஆட்டத்தைத்தான்.

"ரஷ்யப் பெண்ணுக்காக உங்களுக்கு ஏன் இவ்வளவு உருக்கம், நம் பிள்ளைகளுக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கிறது" என்று எழுதப்போகிறவர்களுக்கு: என் பிள்ளையும் இதே பனிக்கட்டியில்தான் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறாள். இதே தொலைக்காட்சியைத்தான் பார்க்கிறாள். இது என் பிரச்சினைதான்.

அடுத்த மாதம், 2022 மார்ச்சில், பிரான்ஸின் மோன்பெலியேவில் உலகச் சாம்பியன்ஷிப். யார் வருவார்கள், யாரை விடுவார்கள் என்று தெரியாது. யார் வந்தாலும் வர்ணனைக்கு உட்காருகிறவர்கள் பேசட்டும். கோபம் இருந்தால் கோபத்தோடு பேசட்டும், அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்களைப் பார்த்துப் பேசட்டும்.

கமெண்டில் மறுபடியும் ஊக்க மருந்து என்று ஆரம்பிப்பவர்கள், தயவுசெய்து மேலே அதற்கென்று எழுதிய பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்.