குட்டைக் குழலில் குண்டு நேராகப் போகாதா?

அலாஸ்காவில் வேலை பார்க்கும் நம்ம ஓசூர்த் தம்பி, மீன் பிடிக்கப் போகும்போது கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள 44 மேக்னம் என்ற பலமான தோட்டா போடும் ரிவால்வர் (கைத்துப்பாக்கி) எந்த நீளக் குழலோடு வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு ஒரு நண்பர், "8 அங்குலக் குழல்தான் வேணும், குட்டைக் குழலில் குண்டு நேராகப் போகாது" என்கிறார். இது தவறு.

குண்டைச் சுழற்றி நேராக அனுப்புவது குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகள். அதற்கு 4 அங்குலமே போதும். குழல் நீண்டால், குறிபார்க்கத் துப்பாக்கி மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், அதனால் நம் கண் செய்யும் பிழை குறையும். தொலைநோக்கி பொருத்தினால் அந்த லாபமும் இல்லை. வேகம் கூடுவது நிஜம்தான், ஆனால் அங்குலத்துக்கு நொடிக்கு 25 முதல் 50 அடி வரைதான் பெரும்பாலும் கிடைக்கும்.

கரடி பாய்ந்து வரும் சில நொடிகளில் 8 அங்குலத்தை உறையிலிருந்து உருவ முடியுமா, தம்பி? புதரில் வேறு மாட்டும். அதற்காக 2.5 அங்குலத்துக்கும் இறங்காதீர்கள், தீப்பிழம்பும் சத்தமும் கடுமை, முனை எகிறிவிடும். இடுப்பில் சுமக்க 4 அங்குலம். 6, 8 எல்லாம் வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும்.

அப்புறம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.