தெரியாமல் இல்லை தம்பி, தாமதமாகத் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் காணொளியை மறுபடி இங்கே போடப் போவதில்லை. "எஃப்-35 வந்தால் எந்த ரேடாரிலும் தெரியவே தெரியாது" என்று அதில் சொன்னது தப்பு என இரண்டே வரி எழுதினேன். வந்த பதில்: "அங்கிள், உங்க காலம் முடிஞ்சு போச்சு." அதற்கு நாற்பத்தேழு பேர் சிரிப்புப் போட்டிருக்கிறார்கள். என் சொந்தக்காரர்களும் அதில் உண்டு.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். எஃப்-35 அமெரிக்காவின் ஸ்டெல்த் போர் விமானம், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காதபடி கட்டியது. ஸ்டெல்த் விமானம் ரேடாருக்குத் தெரியாத விமானம் இல்லை. தாமதமாகத் தெரிகிற விமானம்.

1991, வளைகுடாப் போர் சமயம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீடு. போர் விமானம் மேலே போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். டிவியில் எஃப்-117 என்ற அமெரிக்க ஸ்டெல்த் விமானத்தைக் காட்டினார்கள். "எப்படிப்பா இது ரேடாருக்குத் தெரியாது?" என்று கேட்டேன். அப்பா விமானப்படைத் தளத்தில் ரேடார் பராமரிப்பு வேலை பார்த்தவர். பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்து, டார்ச்சை என் கையில் கொடுத்து, ஒரு எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் பிடித்தார். நேராகப் பிடித்தபோது வெளிச்சம் என் கண்ணில் அடித்தது. கொஞ்சம் சாய்த்ததும் தட்டு இருட்டாகிவிட்டது. அந்த நேரம் குசினி வாசலில் நின்ற அம்மா, "கண்ணு கூசுது, திருப்புங்க" என்றார்.

"பார்த்தியா, உனக்குத் தெரியல. அம்மாவுக்குத் தெரியுது" என்றார் அப்பா.

அதேதான் விஷயம். சாய்ந்த உடம்பு ரேடார் அலையை வேறு பக்கம் தள்ளுகிறது, மேல்பூச்சு கொஞ்சத்தை விழுங்குகிறது. திரும்பி வருவது குறைகிறது, இல்லாமல் போவதில்லை. அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ரேடார் பார்க்கும் தூரம் பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். 400 கிலோமீட்டரில் தெரிய வேண்டியது 40 கிலோமீட்டரில் தெரியும். தெரியும்!

"அப்போ அமெரிக்காக்காரன் முட்டாளா?" என்பீர்கள். இல்லவே இல்லை. மணிக்கு 900 கிலோமீட்டரில் வருகிற விமானம் அந்த 40-ஐக் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. எதிரியின் நேரத்தைப் பிடுங்கத்தான் அவ்வளவு செலவு.

"1999-இல் செர்பியாவில் விழுந்தது பழைய விமானம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அன்று செர்பியாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது ஒரு எஃப்-117. பழசுதான், அந்த ரகம் முதலில் பறந்தது 1981-இல். அதை வீழ்த்திய எஸ்-125 என்ற சோவியத் விமான எதிர்ப்பு ஏவுகணை அதைவிடப் பழசு, 1960களில் வந்தது. விமானத்தைக் கண்டுபிடித்தது பி-18, அலையின் நீளம் மீட்டர் கணக்கில் இருக்கும் ரேடார். அலையின் நீளம் வால், இறக்கை நுனி அளவுக்கு வந்துவிட்டால் சாய்வு வடிவம் அவ்வளவாகக் கைகொடுக்காது. எஃப்-35க்கும் இதே இயற்பியல்தான். அந்த வகை ரேடாரில் துல்லியம் குறைவு, அதை மட்டும் நம்பி ஏவுகணையைச் செலுத்த முடியாது. ஒப்புக்கொள்கிறேன். அதனால் "தெரியவே தெரியாது" என்பது சரியாகிவிடுமா?

நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் அப்பா அந்தத் திரைகளுக்கு முன்னால் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். கடைசி வருஷங்களில் பேப்பரை மூக்கருகே வைத்துத்தான் படித்தார். அவரிடம் கற்றதை "அங்கிள்" என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட்டபோது எனக்கு வலித்தது. வயதைச் சொன்னதற்குக் கோபமில்லை. சிரிப்புப் போட்டவர்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருக்கிறாரே, நாளை ஒரு பிள்ளை எழுந்து இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்?

தம்பி, உங்கள் வீட்டிலும் டார்ச் இருக்கும், தட்டு இருக்கும். இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வையுங்கள்.