கடைசி மூன்று மைலுக்கு யார் கூலி கட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வேலைக்குச் சீமெந்து சுமந்தோம். தலவாக்கலையில் இருந்து தோட்டத்துக்குள் போகும் வீதியில் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும்தான் லொறி வரும். அங்கிருந்து மேலே 240 படி. எண்ணித்தான் சொல்கிறேன், ஒவ்வொரு நடையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். மூட்டை ஒன்று 50 கிலோ. சாக்கை நாலாக மடித்துப் பிடரியில் போட்டு, அதன் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு குனிந்தபடி ஏற வேண்டும். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கவும் முடியாது. இறக்கி வைத்தால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். எட்டுப் பேர் காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் சுமந்தும் பாதிக்கு மேலே கீழேதான் கிடக்கிறது.

அன்று இரவு தோள் எரிச்சலில் தூக்கம் வரவில்லை. மலையகத் தோட்டங்களில் நம்மவர்கள் வீடு கட்டுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்த வீட்டுக்குச் சாமான் எப்படி வந்து சேருகிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. சின்ன லொறி ஒன்று வைத்து ஒன்பது வருஷமாகக் கடைச் சாமான் ஏற்றி இறக்குகிறேன். அதற்கு முன்னால் சித்தப்பா ஓட்டிய பெரிய லொறியில் கிளீனராக இருந்தேன். அதனால் இதை நான் எழுதத்தான் வேண்டும்.

முதலில் ஒன்று. நம் மலையில் கட்டும் எந்த வீட்டிலும் ஒரு பங்கு கடல் தாண்டி வந்தது. சீமெந்துக்கு மூலப்பொருள் கிளிங்கர், சுட்டெடுத்த கட்டி. அது பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பலில் வருகிறது. திருகோணமலை சீனக்குடாவிலும் காலித் துறைமுகத்திலும் இறக்கி, அங்கேயே அரைத்து மூட்டையாக்குகிறார்கள். சுண்ணாம்புக்கல்லை நாட்டிலேயே வெட்டி, சுட்டு, சீமெந்தாக்குவது புத்தளத்தில் மட்டும்தான். கம்பியும் பெரும்பாலும் அப்படித்தான், கப்பலில் வரும் இரும்பைத்தான் இங்கே கம்பியாக நீட்டுகிறார்கள். கூரைத் தகரமும் கொழும்புத் துறைமுகத்துச் சரக்கு. நம் ஊருக்குச் சொந்தம் என்று சொன்னால் கருங்கல் ஒன்றுதான். மணலுக்கே மகாவலியின் கீழ்ப் பக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் கடல் மட்டத்தில் இருந்து மேலே ஏற வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர். திருகோணமலைச் சரக்கு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று வந்து, பிறகு கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும். கொழும்புச் சரக்கு அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வரும். இந்த வீதிகளில் பாரம் ஏற்றிய லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திட்டாதவர் நம்மில் இல்லை. திட்டுங்கள், ஆனால் அந்த லொறிக்குள் என்ன நடக்கிறது என்றும் கொஞ்சம் கேளுங்கள்.

கிளீனருக்கு முக்கியமான சாமான் ஒரு மரக்கட்டை. முக்கோணமாகச் செதுக்கி, கயிறு கட்டி, கதவோரமாக வைத்திருப்போம். கினிகத்தேனைக்கு முன்னால் செங்குத்தான வளைவு வரும்போது, எதிரே பஸ் வந்தால் சித்தப்பா நிறுத்தித்தான் ஆக வேண்டும். நின்றால் பத்துத் தொன் பாரம் பின்னால் இழுக்கும். அவர் "கட்டை!" என்று கத்துவதற்கு முன்னாலேயே நான் குதித்திருப்பேன். பின் டயருக்கு அடியில் கட்டையைத் தள்ளிவிட்டு, கையைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். டயர் கட்டையில் ஏறி உட்காரும்போது மரம் நெரிபடும் சத்தம் கேட்கும், ரப்பர் கருகும் வாசம் வரும். திரும்பவும் முதல் கியரில் லொறி ஊர்ந்து நகரும்போது, கட்டையை உருவிக்கொண்டு பக்கத்தில் ஓடி, தொற்றி ஏற வேண்டும். மழையில், மூடுபனியில், ராத்திரியில். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

ஏற்றத்தை விட இறக்கம் பொல்லாதது. மலையில் ஏறிய லொறி வெறுமையாகத்தான் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நுவரெலியாவில் ஏறி முடித்த சீமெந்து, வெலிமடைப் பக்கம் போக வேண்டுமென்றால் பாரத்தோடுதான் இறங்குகிறது. திரும்பி வரும் லொறியும் கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டுதான் கொழும்புக்கு இறங்குகிறது. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காது. "ஏறின கியர்லதான் இறங்கணும்" என்று சித்தப்பா என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். இந்த மலையில் ஒரு கனரக வாகனம் கட்டுப்பாட்டை இழந்தால் என்ன ஆகும் என்று 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பார்த்தோம். ஒரு பஸ் வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 உயிர் போனது.

அப்புறம் அதிக பாரம். நான் கிளீனராக இருந்தபோது எங்கள் லொறி முதலாளி பத்துத் தொன் லொறியில் பதின்மூன்று தொன் ஏற்றச் சொல்வார். மறுத்தால் அடுத்த நாள் வேறு டிரைவர். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாயில் சோதனை வீதிகள் போட்டு, லொறிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் தெரிந்த கணக்கு இதுதான்: வீதிக்கு வரும் சேதம் அச்சில் இருக்கும் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. அச்சில் இருக்கும் பாரத்தை முப்பது வீதம் கூட்டினால் சேதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எங்கள் முதலாளி மிச்சம் பிடித்த அந்த மூன்று தொன் கூலியை வீதிதான் கட்டியது. அதாவது அந்த வீதியில் ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணிப் பெண்ணும், பள்ளிக்கூடம் போன பிள்ளையும் கட்டினார்கள்.

சரி, பெரிய லொறியே மலைக்கு வரக் கூடாது என்று தடை போட்டுவிடலாமா? இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தடை போட்டால் சின்ன லொறியில் நாலு நடை வரும், கூலி கூடும். அந்தக் கூலி மூட்டை விலையில் ஏறும். 2021 டிசம்பரில் 121 ரூபாய்க்கு விற்ற டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாயாக இருந்ததே, அந்த நாட்களில் எத்தனை வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றது என்று நான் லொறியில் போகும்போது பார்த்தவன்.

நான் கேட்பது வேறு. ரயில் பாதை எதற்கு இருக்கிறது?

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. 1885இல் நானுஓயாவுக்கு. 1924இல் பதுளைக்கு. கோப்பியையும் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை. ஆட்கள் வந்துபோனது அதற்கு அடுத்த காரியம். நானுஓயாவில் இருந்து கந்தப்பளை, இராகலைக்குச் சின்ன ரயில்கூட ஓடியது, அதுவும் தோட்டங்களுக்காகத்தான். மன்னாரில் இருந்து மாத்தளைக்குக் காட்டு வழியில் நடந்து வந்த நம் முன்னோர் விளைவித்த சரக்கு, துறைமுகம் வரை இரும்புப் பாதையில் இறங்கிப் போயிருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் வீடு கட்டச் சரக்கு மேலே ஏற வேண்டும் என்று வரும்போது மட்டும், அதே பாதையில் வண்டி இல்லை.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது, டயர் வீதியில் உருளும் அளவுக்கு இழுவை தேவைப்படாது. ஒரு சரக்கு ரயில் பல லொறி பாரத்தைக் கொண்டுவந்துவிடும். சீனக்குடாவில் ரயில் நிலையம் இருக்கிறது, கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்திலும் தண்டவாளம் இருக்கிறது. ஹட்டனிலும் நானுஓயாவிலும் பண்டாரவளையிலும் சரக்கை இறக்கி வைத்தால், அங்கிருந்து என்னைப் போல் சின்ன லொறிக்காரர்கள் தோட்டங்களுக்குக் கொண்டு போவோம். சின்ன லொறி தோட்டத்து வீதியைப் பெரிய லொறி அளவுக்குக் கெடுக்காது, எங்களுக்கும் பிழைப்பு.

லேசான காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை. கடுகண்ணாவை ஏற்றத்தில் நாற்பது சொச்சம் அடிக்கு ஒரு அடி ஏறுகிறது, பாரம் கூடினால் பின்னால் தள்ள இன்னொரு இன்ஜின் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வீதிகள் மூடியது போலவே ரயில் பாதையும் பல இடங்களில் மண்ணோடு போனது. ஆனால் அதைத் திருத்தத்தானே போகிறோம். திருத்தும்போது சுற்றுலாப் பயணி ஜன்னலில் தொங்கிப் படம் எடுப்பதற்கு மட்டும் திருத்தாமல், ராத்திரியில் இரண்டு சரக்கு வண்டியாவது ஏறுகிற மாதிரித் திருத்தக் கூடாதா? மண்சரிவில் வீடு போனவர்களுக்கெல்லாம் வீடு கட்ட வேண்டுமே. அந்தச் சீமெந்து எல்லாம் மழையில் அடிபட்ட இதே வீதிகளில்தான் ஏறப் போகிறது.

பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பாருங்கள். 550 சதுர அடியில் ஒரு சின்ன வீடு. என் அனுபவத்தில் அதற்கு 200 மூட்டை சீமெந்து போகும், அதுவே 10 தொன். மணல் எட்டு கியூப், அதாவது 800 கன அடி என்றால் முப்பத்தைந்து தொன்னுக்கு வரும். கல்லும் கம்பியும் சேர்த்தால் வீடு ஒன்று அறுபது எழுபது தொன். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினோம், நானும் கூட்டத்தில் நின்று தட்டினேன். இன்றைக்கு என் கணக்கில் அதற்குச் சீமெந்து மட்டும் ஒரு லட்சம் தொன். பத்துத் தொன் லொறியில் 10,000 நடை.

அத்தனை நடையும் பெரிய வீதியோடு முடியாது. தோட்டத்து வாசலில் இருந்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போகும் அந்தக் கடைசி மூன்று மைல் இருக்கிறதே, நூறு மைல் தாண்டி வந்த சரக்கு அங்கேதான் முழி பிதுங்குகிறது. கான் அடைத்து, தண்ணீர் வீதியில் ஓடி, கல் பெயர்ந்து கிடக்கும். பாலத்தில் இவ்வளவு பாரம்தான் போகலாம் என்று ஒரு பலகைகூட இருக்காது. போன வருஷம் நான் மணல் கொண்டுபோன தோட்டம் ஒன்றில் பழைய மதகு என் லொறிக்கு அடியில் உடைந்தது. நிர்வாகம் என்னிடம்தான் காசு கேட்டது. அந்த மதகுக்கு வயது என் தாத்தாவுக்கும் மேலே இருக்கும்.

அக்கா வீட்டு எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்தேன். சீமெந்து, கம்பி, மணல், மேசன் கூலி, எல்லாம் இருக்கிறது. மடுவத்தில் இருந்து மேலே ஏற்றுவதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை அக்கா கொழுந்து எடுத்த காசில் கட்டுகிறாள், மச்சான் லீவு போட்டுக் கட்டுகிறார், நாங்கள் தோளால் கட்டுகிறோம். வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள், அரசாங்கமோ, தொண்டு நிறுவனமோ, தொழிற்சங்கமோ, அந்த வரியை முதலில் எழுதுங்கள். ஏழு பேர்ச் காணியை அளந்து கொடுக்கும்போதே லொறி எதுவரை வரும் என்று கேளுங்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னால் வீதியைப் போடுங்கள். ஏற்றுகூலியை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, இவ்வளவு ரூபாய்க்கு வீடு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டாதீர்கள்.

இன்னும் 110 மூட்டை மடுவத்தில் படங்கு போட்டு மூடிக் கிடக்கிறது. அடியில் பலகை போட்டிருக்கிறோம், ஆனால் மழை விட்ட பாடில்லை. இரண்டு மூட்டை விளிம்பில் ஏற்கெனவே கட்டிபட்டுவிட்டது, நேற்றுத் தடவிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு ஆரம்பிக்கிறோம். தலவாக்கலைப் பக்கம் இருக்கும் தம்பிமார் யாராவது வர முடியும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சாக்கு நான் கொண்டு வருகிறேன்.