ரேடார் டிடெக்டர் வேண்டாம், போர்டு வேண்டும்

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். சேலத்தில் கார் அக்சசரீஸ் கடை வைத்து எனக்குப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவர் கையில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனாராம். "இதைக் கண்ணாடிக்குப் பின்னாடி வெளியே தெரியாம மாட்டி ஒயர் இழுத்துக் குடுத்திருங்கண்ணா. பெங்களூர் ரோட்டுல மாசம் நாலு தடவை போறேன், மூணு சலான் வந்திருச்சு" என்றார். ரேடார் டிடெக்டர். வேகம் பிடிக்கும் போலீஸ் கருவியின் ரேடார் அலையை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்தும் பெட்டி.

மாட்டித் தர மாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம்தான். அவரிடம் சொன்னதையும், கடையில் கூட்டம் இருந்ததால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இப்படிக் கேட்டு வருகிறவர் அவர் ஒருவர் இல்லை.

"ஏங்கண்ணா, இது இல்லீகலா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் ரேடார் டிடெக்டர் என்று பேர் சொல்லித் தடுக்கும் பிரிவு கிடையாது. போலீஸ் கருவியைக் குழப்பிவிடும் ஜாமர் வேறு விஷயம். அரசு அனுமதி இல்லாமல் அதைத் தனியார் வைத்திருப்பதே குற்றம். ரெண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். அவருடைய அண்ணன் இருக்கும் டெக்சாஸில் சொந்தக் காரில் டிடெக்டர் வைத்துக்கொள்ளலாம். அதே அமெரிக்காவில் வர்ஜீனியாவில் கூடாது, கனரக லாரியில் என்றால் நாடு முழுக்கவே கூடாது. பிரான்ஸில் தடை. ஜெர்மனியில் ஓட்டும்போது கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் மொபைல் ஆப்பைப் பயன்படுத்துவதற்கே தடை. ஊருக்கு ஊர் ஒரு சட்டம். ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் சட்டம் இல்லை.

அவர் நம்பட்டும் என்று அந்தப் பெட்டியை லைட்டர் சாக்கெட்டில் செருகிக் காட்டினேன். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு துணிக்கடை, வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. பெட்டி உடனே கத்த ஆரம்பித்தது. அந்தக் கதவுக்கு மேலே இருக்கும் சென்சாரும் ரேடார் அலையைத்தான் அனுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் புது எஸ்யூவி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, அதற்கும் கத்தியது. பக்கத்தில் வரும் வண்டியைக் காட்டிக் கொடுக்க அந்த மாதிரிக் கார்களின் பின் பம்பரில் ரேடார் வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் ஏழு தடவை கத்திவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஒரு போலீஸ்காரர் இல்லை.

அப்படியானால் உண்மையான கேமராவுக்கு என்ன செய்யும்? ரேடார் கன் அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது வண்டியின் வேகத்துக்குத் தகுந்த மாதிரி அதன் அதிர்வெண் மாறும். அந்த வித்தியாசத்தை வைத்து வேகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அந்த அலை தூரத்திலேயே சிதறி வருவதால் டிடெக்டருக்கு முன்கூட்டியே மோப்பம் கிடைக்கிறது. லேசர் கன் அப்படி இல்லை. மெல்லிய ஒளிக்கற்றை நேராக உங்கள் நம்பர் பிளேட்டில் வந்து விழும், ஒரு நொடிக்குள் அளந்து முடித்துவிடும். பெட்டி கத்தும்போது உங்கள் வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். இரண்டு இடத்தில் கேமரா வைத்து, இடையில் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று சராசரி பார்க்கும் முறையில் மோப்பம் பிடிக்க எந்த அலையும் இல்லை. நம்பர் பிளேட்டைப் படமெடுக்கிறது, அவ்வளவுதான். இருபது முப்பதாயிரம் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று யோசியுங்கள்.

சரி, அந்தத் தம்பியின் கோபத்துக்கு வருகிறேன். அதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கும் ஒரு சலான் வந்தது. நானும் வேகமாகத்தான் போயிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அதே ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். வேக வரம்பு போர்டு இருந்தது. அதற்கு முன்னால் ஒரு காதுகுத்து விழா ஃபிளெக்ஸ். குழந்தையின் முகத்துக்குப் பின்னால் சிவப்பு வட்டத்தின் ஓரம் மட்டும் தெரிகிறது, எண் தெரியவில்லை. ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டேன். மனசு ஆறவில்லை.

மத்திய அரசு 2021 ஆகஸ்டில் கொண்டுவந்த 167ஏ விதியை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கேமரா வைத்துக் கண்காணிக்கும் பகுதி தொடங்கும் முன்பே அதைத் தெரியப்படுத்தும் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அந்த 2021 விதிப்படி குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதில் படமும் கருவி காட்டிய அளவும் இருக்க வேண்டும். அதாவது கேமரா எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே நமக்குச் சொல்லவேண்டியது அரசின் கடமை. அதையே மறைத்து மாட்டிய பெட்டி வழியாக ஏன் வாங்க வேண்டும்? பெட்டி வாங்கியவருக்கு மட்டும் கத்தும். போர்டு அப்படி இல்லை. லாரிக்காரர், டிவிஎஸ் 50 ஓட்டுகிறவர், ஆம்னி பஸ் டிரைவர் எல்லோர் கண்ணிலும் படும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. வேகத்துக்கான தண்டனையைச் சொல்லும் 183-வது பிரிவிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. "இவர் வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்று ஒரே ஒரு சாட்சி சொன்னதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. ஒரு கருவி கொண்டு அளந்து சொல்லியிருக்க வேண்டும். ஒழுங்காகப் பராமரித்த கேமரா நமக்கும் சாட்சி. வழியில் நிறுத்தி, கண்ணளவில் வேகம் சொல்லி, பேரம் பேசிய காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எதிரில் வருகிறவர் லைட் அடித்து "அங்க செக்கிங்" என்று காட்டுவார் இல்லையா, நானும் நன்றியோடு கை காட்டியவன்தான். அந்த இருநூறு மீட்டருக்கு மெதுவாகப் போவோம், அப்புறம் பழையபடி மிதிப்போம். கருப்பூர் பக்கம் நின்று பார்த்தால் தெரியும், வரிசையாகப் பிரேக் லைட் எரிந்து அணையும். நம் பயமெல்லாம் கேமரா மேல்தான், ரோட்டின் மேல் இல்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் வாழப்பாடி, ஆத்தூர் பைபாஸ்களில் நான்கு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கி, எத்தனை வருஷம் நேருக்கு நேர் மோதிச் செத்தார்கள்? 2024 ஜனவரியில் தொப்பூர் பாலத்தில் லாரிகள் மோதித் தீப்பிடித்த காட்சியை எல்லோரும் போனில் பார்த்தோம். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டு ரோடுகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அந்த வருஷம் நாடு முழுவதும் இறந்த 1,68,491 பேரில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகக் கணக்கில் வருகிறார்கள். 80-ல் போகும்போது ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறோம், 100-ல் 28 மீட்டர். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். பங்குனி வெயிலில் ரோட்டைக் கடக்கும் ஒரு பாட்டிக்கு இந்தக் கணக்கு தெரியாது.

போன மாசம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு, நான் செகண்ட் கியரில். முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன், ஒவ்வொரு வளைவிலும் பிரேக் லைட் அணையவே இல்லை. கண்ணாடியை இறக்கியதும் கருகிய லைனிங் வாடை. ஹாரன் அடித்து, ஓரமாக இடம் கிடைத்த வளைவில் நிறுத்தச் சொன்னேன். பின் சக்கரத்திலிருந்து புகை. குழந்தைகள் இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள், ஒரு சின்னப் பெண் வாந்தி எடுத்தாள். "எந்த கியர்ல வந்தீங்க தம்பி?" என்றேன். "நாலுங்கண்ணா. டீசல் மிச்சமாகும்னு ஓனர் சொன்னாரு" என்றார் அந்தப் பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். இறக்கத்தில் நாலாவது கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சுமையெல்லாம் பிரேக் மேல்தான். பிரேக் ஆற நாற்பது நிமிஷம் நின்றோம். அந்த வளைவில் கேமரா கிடையாது.

கடைக்கு வந்த தம்பிக்கு அந்தப் பெட்டிக்குப் பதிலாக மொபைல் ஹோல்டர் ஒன்றை மாட்டிவிட்டேன். வேக வரம்பைத் தாண்டினால் மேப் எச்சரிக்கும்படி போனில் செட் செய்தும் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் என்னோடு வந்து, சேலத்திலிருந்து தொப்பூர் வரைக்கும் மறைந்திருக்கும் போர்டுகளைப் படமெடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

உங்களுக்கும் இதே வேண்டுகோள். மரக்கிளையோ, ஃபிளெக்ஸோ, கட்சிப் போஸ்டரோ மறைத்திருக்கும் வேக வரம்பு போர்டு, கேமரா எச்சரிக்கைப் பலகை எதைப் பார்த்தாலும் வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டுப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ரோடு, எந்தத் திசை, பக்கத்தில் எந்த பஸ் ஸ்டாப் என்று குறித்து அனுப்பினால் போதும். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் எல்லாவற்றையும் ஒரே மனுவாகக் கொடுக்கப் போகிறேன். இதுவரை பதினொரு படம் சேர்ந்திருக்கிறது.